கால் ஊன்றக் கரை வேண்டும்: எங்கள் குளங்களில் பார்த்தவை

மண்டூரிலிருந்து:
போன தை மாதம் விடியப்புறம் அக்காவின் மகனைக் கூட்டிக்கொண்டு மட்டக்களப்பு வெல்லாவெளிப் பக்கம் ஒரு குளக்கட்டுக்குப் போனேன். பனி விலகவில்லை. முழங்கால் தண்ணியில் நத்தைகுத்தி நாரை ஒன்று, எங்களுக்கு இருபதடி தள்ளி.

"மாமா, சொண்டு உடைஞ்சு போச்சா? நடுவில வெளி தெரியுது."

"இல்ல மனே, வளர்ந்த நாரைக்கு அப்படித்தான். குஞ்சுக்கு அந்த இடைவெளி இராது."

சொல்லி முடிக்கவில்லை, சேற்றுக்குள் தலையை விட்டு ஒரு நத்தையை எடுத்தது. மேற்சொண்டால் நத்தை ஓட்டை அமத்திப் பிடித்தபடி கீழ்ச்சொண்டின் நுனியை நத்தையின் வாய்மூடிக்குக் கீழே செருகி ஒரு நெம்பு. சதை தனியே வந்துவிட்டது. பறந்த பிறகு மருமகன் இறங்கிப்போய் ஓட்டை எடுத்துவந்தான். ஒரு கீறல்கூட இல்லை.

அதே குளத்தின் மறுகரையை மூன்று வருடத்துக்கு முன் மண் போட்டு நிரப்பி நேராக்கினார்கள். அங்கே இப்போது நீர்க்காகம் மட்டும்தான். அது முங்கி மீன் பிடிக்கும், ஆழம் போதும். நின்று இரை தேடும் நாரைக்கும் சேறு கிண்டும் உள்ளானுக்கும் கால் ஊன்ற இடமில்லை. தண்ணி குறையவில்லையே என்கிறார்கள். கரை போனதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. எனக்கு மனம் ஆறவேயில்லை.

தம்பிலுவிலிலிருந்து:
நான் வெள்ளாமைக்காரன். கானாங்கோழி கதிரை மிதிப்பது உண்மைதான், எனக்கும் நட்டம் வந்திருக்கிறது. அதற்காக எங்கள் வயல்வட்டைக்குப் பக்கத்துக் குளத்தில், தண்ணிக்குள் வளரும் பன்புல்லுக்கு நெருப்பு வைத்தார்கள். மறுகா என்ன, ஒதுங்க இடமில்லாமல் அவ்வளவும் வயலுக்குள்ளேயே வந்து குந்திக்கொண்டன. நீளவால் இலைக்கோழியும் போய்விட்டது. தாமரை இலைமேல் வெண்கல நிறத்தில் நாலு முட்டை பார்த்திருக்கிறேன். சேவல்தான் அடை காக்கும். குமண 2010இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது எங்கள் அம்பாறை மாவட்டத்துக்குப் பெருமை. ஆனால் ஊர்க் குளத்துப் பன்னும் பறவைக்கு வீடுதான்.

கல்லடியிலிருந்து:
மண்டூர்த் தம்பி சொன்ன கரைக் கதை மட்டக்களப்பு வாவிக்கும் பொருந்தும். மாரியில் முகத்துவாரம் வெட்டி வாவித் தண்ணி இறங்கும்போது சேற்றுத் திட்டு வெளிக்கும். அன்று பின்னேரம் பாலத்தில் நின்றால், காலையில் ஒன்றுகூட இல்லாத இடத்தில் உள்ளான்கள் ஓடித் திரியும். சைபீரியாப் பக்கமிருந்து வருகிறவையும் அதற்குள் இருக்கும். அந்தத் திட்டோரக் கண்ணாக் காட்டை, அதாவது அலையாத்திக் காட்டை, வெட்டிக் குப்பை கொட்டுகிறார்கள், பார்க்க நெஞ்சு பதறுகிறது.

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987இல் தொடங்கியது, ஒவ்வொரு ஜனவரியும் நடக்கும். உங்கள் குளத்தில் இரண்டு கரையையும் தனித்தனியே எண்ணி எழுதுவோமா? நிரப்பிய கரையில் எத்தனை, நிரப்பாத கரையில் எத்தனை என்று தாளில் இருந்தால், அடுத்த முறை மண் ஏற்ற வரும்போது கையில் காட்ட ஒன்று இருக்கும்.

மண்டூரிலிருந்து:
கட்டாயம் வாங்க அண்ணே. விடிய ஐந்தரைக்குக் கட்டில் நிற்போம். மருமகன் அந்த நத்தை ஓட்டையும் கொண்டுவருவான், இன்னும் புத்தகப் பைக்குள்தான் வைத்திருக்கிறான்.