மேகங்களின் ஆல்ஃபா: 'மறைப்பளவு', 'சேர்நிறம்' குறித்த முன்மொழிவு

அன்புள்ள கலைச்சொல் குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கணினி வரைகலையில் ஒரு மேகத்தைப் பின்னணி இல்லாமல் தனியே ரெண்டர் செய்து (கணக்கிட்டுப் படமாக்கி), பிறகு அதை வேறொரு படத்தின்மேல் பொருத்தும்போது பயன்படும் சொற்களைப் பற்றிய உரையாடலில், 'ஆல்ஃபா' என்பதற்கு, அதாவது படத்தின் ஒவ்வொரு புள்ளியும் பின்னணியை எவ்வளவு மறைக்கிறது என்பதை 0 முதல் 1 வரை சொல்லும் எண்ணுக்கு, கோவை நண்பர் 'ஒளிபுகுமை' என்றும் யாழ்ப்பாணத்து நண்பர் 'ஒளிபுகாமை' என்றும் எழுதியிருந்தார்கள். எழுத்தின் பெயரை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்பது இங்கே சிங்கப்பூரிலிருந்து எழுதும் தோழியின் கருத்து. மூன்றையும் படித்த பின்னும் 'மறைப்பளவு' என்ற சொல்லே பொருத்தமாக எனக்குப் படுகிறது. அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஆல்ஃபா என்ற பெயரை 1970களின் பிற்பகுதியில் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ஆல்வி ரே ஸ்மித்தும் எட் கேட்மல்லும் வைத்தார்கள். இரண்டு படங்களைக் கலக்கும் வாய்பாட்டில் முதல் படத்தின் பங்கைக் குறிக்க அந்தக் கிரேக்க எழுத்து வழக்கமாக இடம்பெற்றதே அதற்குக் காரணம். ஆகவே அந்தப் பெயருக்குள் பொருள் எதுவும் இல்லை. மென்பொருளின் பொத்தான்களில் 'ஆல்ஃபா' என்று இருப்பதை நான் எதிர்க்கவில்லை. ஆனால், நம் பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் அசைவூட்டம் படிக்கும் ஒரு மாணவருக்குத் தமிழில் விளக்கம் எழுத உட்கார்ந்தால், அந்த எண் எதை அளக்கிறது என்பதைச் சொல்லும் சொல் ஒன்று தேவைப்படுகிறது.

'ஒளிபுகுமை' அந்த எண்ணை நேர் எதிர்த்திசையில் காட்டுகிறது. ஆல்ஃபா 1 என்றால் பின்னால் இருப்பது எதுவும் தெரியாது. 0 என்றால் எல்லாம் தெரியும். ஒளிபுகுமை 1 என்று படிக்கும் எவரும் கண்ணாடியைத்தான் நினைப்பார். 'ஒளிபுகாமை' திசையைச் சரிசெய்துவிடுகிறது என்பதை முழுமனதாக ஏற்கிறேன். ஆனால் அதிலும் ஒரு குறை இருக்கிறது. இங்குள்ள மரினா பே சேண்ட்ஸ் கட்டடத்தின் கோபுரம் ஒன்றின் விளிம்பு ஒரு படப்புள்ளியை (பிக்சலை) பாதியாக வெட்டிச் செல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் புள்ளியின் ஆல்ஃபா 0.5. அங்கே இருக்கும் கான்கிரீட்டோ ஒளியைச் சிறிதும் உள்ளே விடாதது. புள்ளியின் பாதிப் பரப்பை அது மறைத்து நிற்கிறது, அவ்வளவுதான். அருகில் உள்ள மேகப் புள்ளியின் ஆல்ஃபாவும் 0.5 ஆக இருக்கலாம். அங்கே புள்ளியின் பரப்பு முழுவதும் மேகம் இருக்கிறது. ஆனால் பின்னிருந்து வரும் ஒளியில் பாதியை அது தடுத்துவிடுகிறது. இந்த இரண்டு நிலைமைகளுக்கும் பொதுவானது மறைத்தல் ஒன்றே. லூகாஸ்ஃபிலிமில் இருந்த தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் 1984இல் வெளியிட்ட கட்டுரை, ஒரு பொருள் படப்புள்ளியை எந்த அளவுக்கு மூடுகிறது என்ற நோக்கிலேயே ஆல்ஃபாவை விளக்கியது. 'மறைப்பு' என்று மட்டும் வைத்தால், ஒரு பொருள் இன்னொன்றை முற்றாக மறைக்கும் பொதுச் செயலோடு குழப்பம் வரும் என்பதால் 'அளவு' என்பதையும் சேர்த்தேன். மறைப்பளவை ஒன்றிலிருந்து கழித்தால் வருவது 'கடப்பளவு', அதாவது பின்னணியின் ஒளியில் நம்மிடம் கடந்துவரும் பங்கு.

இந்தச் சொல்லை மேகத்தை வைத்துச் சோதித்துப் பார்த்தேன். மேகத்தின் வழியே செல்லும் ஒளி தொலைவோடு அடுக்குக்குறி முறையில் குறைகிறது. பீர்-லாம்பர்ட் விதி என்று இயற்பியல் பாடத்தில் படித்ததுதான் இது. மேகம் ஒளியை எவ்வளவு தடுக்கிறது என்பதை அதன் தடிமனையும் அடர்த்தியையும் சேர்த்து அளக்கும் 'ஒளித்தடிமன்' 1 ஆக இருக்கும் இடத்தில் கடப்பளவு ஏறக்குறைய 0.37, மறைப்பளவு 0.63. தடிமன் இரண்டு மடங்கானால் மறைப்பளவு 1.26 ஆகிவிடாது, 0.86 அளவிலேயே நிற்கும். தடிமன்களைக் கூட்ட வேண்டும், கடப்பளவுகளை ஒன்றோடொன்று பெருக்க வேண்டும், மறைப்பளவை நேரடியாகக் கூட்டாமலும் பெருக்காமலும் கடப்பளவிலிருந்து பெற வேண்டும் என்ற இந்த மூன்று வாக்கியங்களையும் தமிழில் தடுமாறாமல் எழுத முடிகிறது என்பதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. மல்வேட்டியை ஒரு மடிப்பாகப் பிடித்து விளக்கைப் பார்ப்பதற்கும் இரண்டு மடிப்பாகப் பிடித்துப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடும் இதுவே.

ஒரே ஒரு மறைப்பளவு மூன்று நிறங்களுக்கும் போதுமா என்று யாழ்ப்பாணத்து நண்பர் கேட்டிருந்தார். மேகத்துக்குப் போதும். அதன் நீர்த்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. ஆகவே அவை எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒரே அளவில் சிதறடிக்கின்றன. நம் ஊரில் சில ஆண்டுகளில் வந்து சூழும் புகைமூட்டம் அப்படிப்பட்டது அன்று. அதன் நுண்துகள்கள் நீலத்தை அதிகமாகச் சிதறடிப்பதால்தான் சூரியன் செம்மஞ்சளாகத் தெரிகிறது. அதைச் சரியாகக் காட்ட விரும்புகிறவர் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் தனி மறைப்பளவு வைக்க வேண்டியிருக்கும்.

இனி, 'பிரீமல்டிப்ளைடு' என்ற சொல். ஒரு புள்ளியின் நிறத்தை அதன் ஆல்ஃபாவால் ஏற்கனவே பெருக்கி வைத்த வடிவம் என்பது அதன் நேர்ப்பொருள். இதற்கு 'முன்பெருக்கிய நிறம்' என்ற பரிந்துரைதான் குழுமத்தில் பரவலாக ஏற்கப்பட்டதாகத் தெரிகிறது. எனக்கு உடன்பாடில்லாத இடம் இதுவே. மேகத்தை ரெண்டர் செய்யும் நிரல், கண்ணிலிருந்து புறப்படும் கதிரின் வழியே சிறுசிறு அடியாக நடந்து, ஒவ்வோர் அடியிலும் கண்ணை நோக்கிச் சிதறும் ஒளியை அதுவரையிலான கடப்பளவால் குறைத்துக் கூட்டிக்கொண்டே செல்கிறது. கதிர் மேகத்தைக் கடந்து முடிக்கும்போது கையில் இருப்பது மேகத்திலிருந்து நம்மை வந்தடையும் ஒளியின் கூட்டுத்தொகை. இறுதி நிறம் ஒன்றை முதலில் கண்டறிந்து அதை ஆல்ஃபாவால் யாரும் பெருக்கவில்லை. அது பிறந்ததே அந்த வடிவில்தான். அப்படியிருக்க, 'முன்பெருக்கிய' என்ற சொல் நடக்காத ஒரு செயலை நடந்ததாகச் சொல்கிறது.

ஆகவே அதைச் 'சேர்நிறம்' என்று சொல்லலாம். பின்னணியைக் கடப்பளவால் பெருக்கிவிட்டால், இந்த நிறத்தை அப்படியே அதனுடன் சேர்த்துக்கொள்ளலாம். வினைத்தொகையாக இருப்பதால் சேர்ந்த, சேர்கின்ற, சேரும் என்ற மூன்று காலத்துக்கும் இடம் கொடுத்து, 'முன்' என்ற சிக்கலே வராமல் செய்கிறது. மறைப்பளவோடு சேராமல் தனித்து நிற்கும் மற்ற வடிவம் 'தனிநிறம்'.

இரண்டையும் மாற்றிப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். நிறத்தின் வெளிச்சத்தை 0 (கருப்பு) முதல் 1 (வெள்ளை) வரை எண்ணால் குறிப்போம். மேகத்தின் ஓரத்தில் ஒரு புள்ளி: தனிநிறம் 0.9, மறைப்பளவு 0.2, ஆகவே சேர்நிறம் 0.18. பின்னால் உள்ள வானம் 0.5. கடப்பளவு 0.8 என்பதால் வானத்தின் பங்கு 0.4, இரண்டும் சேர்ந்து 0.58. வானத்தைவிடச் சற்று வெளிச்சமான மெல்லிய ஓரம் கிடைக்கிறது. சேர்நிறத்தைத் தனிநிறம் என்று எண்ணிய மென்பொருள் அதை மறுபடியும் 0.2 ஆல் பெருக்கினால் 0.036தான் மிஞ்சும், கூட்டுத்தொகை 0.436. அதாவது, வெள்ளை மேகத்தைச் சுற்றி வானத்தைவிட இருண்ட ஒரு கோடு தோன்றும். பிற்பகல் இடிமழைக்கு முன் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளுக்கு மேலே எழும் திரள்மேகத்தைச் செய்து பார்க்கும் மாணவர்கள் இந்தக் கருங்கோட்டைக் கண்டு, ஒளியமைப்பிலும் மேகத்தின் அடர்த்தியிலும் பிழை தேடிக்கொண்டிருப்பார்கள். பிழை இருப்பதோ கோப்பைப் படித்த விதத்தில். படங்களைச் சேமிக்கும் கோப்பு வடிவங்களில், பிஎன்ஜி கோப்பில் தனிநிறம் இருக்கும். ஓப்பன்இஎக்ஸ்ஆர் கோப்பில் வழக்கப்படி சேர்நிறம் இருக்கும்.

அந்த மேகத்துக்குள் மின்னல் வெட்டினால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். மின்னலின் ஒளிர்வு பின்னணியை மறைப்பதில்லை, ஆனால் ஒளியைத் தருகிறது. மறைப்பளவு 0, சேர்நிறமோ 0 அன்று. சேர்நிறத்தில் இதை எழுதலாம். தனிநிறத்தில் எழுதவே முடியாது, ஏனென்றால் எந்த நிறத்தை 0 ஆல் பெருக்கினாலும் 0தான். 'முன்பெருக்கிய நிறம்' என்று பெயர் வைத்தால், இந்த மின்னல் புள்ளி இலக்கணப் பிழை போலத் தோன்றும்.

படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி ஒரே படமாக்கும் 'காம்போசிட்டிங்' பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 'படத்தொகுப்பு' என்றால் திரைப்படத்தின் எடிட்டிங் என்பது நிலைபெற்றுவிட்டது. 'அடுக்கிணைப்பு' எனலாம், எது மேல், எது கீழ் என்ற வரிசை முக்கியம் என்பதையும் அது உணர்த்துகிறது.

கோபுரம் மேகத்துக்குள் பாதி புதைந்து நிற்கும் காட்சிக்கு ஒற்றை மறைப்பளவு போதாது. மேகத்தில் எவ்வளவு கோபுரத்துக்கு முன்னால், எவ்வளவு பின்னால் என்பது தெரிந்தாக வேண்டும். ஒரு புள்ளியில் பல தொலைவுகளுக்கான மதிப்புகளை வைத்திருக்கும் இத்தகைய படத்தை ஓப்பன்இஎக்ஸ்ஆர் 2013இல் வந்த தன் 2.0 பதிப்பிலிருந்து ஏற்கிறது. அதை 'ஆழப்படம்' என்பதில் யாருக்கும் மறுப்பிருக்காது என்று நம்புகிறேன். ஆழப்படத்தில் சீரான மேகத்துண்டு ஒன்றைக் கோபுரம் சரிபாதியாகப் பிரித்தால், மறைப்பளவு 0.64 இரண்டு 0.32 ஆகாது, இரண்டு 0.4 ஆகும். கடப்பளவு 0.36, அதன் வர்க்கமூலம் 0.6, ஒவ்வொரு பாதியின் மறைப்பளவும் அதனால் 0.4. இந்தக் கணக்கை 'ஒளிபுகாமை' என்ற சொல்லைக் கொண்டு ஒருமுறையும், 'மறைப்பளவு', 'கடப்பளவு' ஆகிய சொற்களைக் கொண்டு ஒருமுறையும் எழுதிப் பார்க்குமாறு கோவை, யாழ்ப்பாண நண்பர்கள் இருவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

'சேர்நிறம்' பற்றி எனக்கே ஓர் ஐயம் உண்டு. இரண்டு முதன்மை நிறங்களைக் கலந்து பெறும் நிறத்தை ஓவியப் பாடத்தில் யாரேனும் ஏற்கனவே அப்படி அழைப்பதுண்டா? ஓவியம் கற்பிக்கும் நண்பர்கள் தெரிவித்தால், கலைச்சொல் பட்டியலில் சேர்க்கும் முன் அதைத் தீர்த்துக்கொள்ளலாம்.