காலையில் காரை எடுத்தால் திரை முழுக்க எச்சரிக்கை: பேட்டரியா, பிரேக் மாட்யூலா? உதவி தேவை

பொங்கோல்_கலா:

வணக்கம். கார் விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

எங்களுடையது ஓர் ஐரோப்பிய எஸ்யூவி. பாதுகாப்புக்குப் பெயர் போன பிராண்ட். விற்றவரோடு இன்னும் பேச்சு நடப்பதால் பெயரைப் போடவில்லை. பதிவாகி ஆறு ஆண்டு தாண்டிவிட்டது. பழைய கார் வியாபாரியிடம் வாங்கினோம், வாங்கி ஆறு மாதம் இன்னும் நிறையவில்லை. டர்போ பெட்ரோல், சிக்னலில் நின்றால் என்ஜின் தானே அணைந்து மறுபடி ஓடும் ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி உள்ள வண்டி.

வீவக (வீட்டு வசதி வளர்ச்சிக் கழகம்) பலமாடி நிறுத்துமிடத்தில் இரண்டு மூன்று நாள் எடுக்காமல் விட்டால் வருகிறது வினை. ஸ்டார்ட் செய்ததும் தானியங்கி பிரேக் இயங்காது, தடம் விலகும் எச்சரிக்கை இயங்காது, பார்க்கிங் பிரேக்கைச் சரிபார்க்கவும் என்று ஒன்றன்பின் ஒன்றாக மஞ்சள் எழுத்தில் ஓடும். கொஞ்ச தூரம் ஓட்டி, அணைத்துவிட்டு மறுபடி போட்டால் பாதி காணாமல் போய்விடும். ஸ்டார்ட்-ஸ்டாப் மட்டும் வாங்கிய நாள் முதலே வேலை செய்ததில்லை. சிங்கப்பூர் வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும் என்றார் விற்றவர்.

ஒரு பட்டறையில் கணினி போட்டுப் பார்த்தார்கள். பிரேக் கண்ட்ரோல் மாட்யூல் (பிரேக்கை நிர்வகிக்கும் கணினி) போய்விட்டதாம், முன் ரேடார் மீதும் சந்தேகமாம். இரண்டையும் மாற்ற 5,000 வெள்ளிக்கு மேல் ஆகும் என்கிறார்கள்.

இவ்வளவு காசைப் போட்டது பிள்ளைகளுக்காக. சின்னவள் இன்னும் 1.35 மீட்டர் உயரத்தை எட்டவில்லை, பூஸ்டர் இருக்கையில்தான் உட்காருகிறாள். பாதுகாப்பை நம்பி வாங்கிய வண்டியே "பாதுகாப்பு அம்சம் இயங்காது" என்று சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்? இதை இப்படியே ஓட்டலாமா? மாட்யூலை மாற்றத்தான் வேண்டுமா? இல்லை, விற்றுவிட்டு வேறு பார்க்கலாமா?

ஜூரோங்_செந்தில்:

அக்கா, பதில் சொல்வதற்கு முன் நான்கு விஷயம் தெரிய வேண்டும். ஏர்பேக் விளக்கு எரிகிறதா? சிவப்பு எழுத்தில் ஏதாவது வந்ததா? பேட்டரி எப்போது மாற்றியது? டேஷ்கேம் (சாலையைப் பதிவு செய்யும் கேமரா) இருக்கிறதா, நிறுத்திய பிறகும் பதிவு செய்யும் பார்க்கிங் மோட் அதில் போட்டிருக்கிறதா?

பொங்கோல்_கலா:

ஏர்பேக் விளக்கு எரியவில்லை. சிவப்பும் வந்ததில்லை, எல்லாம் மஞ்சள்தான். பேட்டரி எப்போது மாற்றியது என்று காகிதத்தில் இல்லை. முன்னும் பின்னும் டேஷ்கேம் இருக்கிறது, முந்தைய உரிமையாளர் பொருத்தியது. காரை நிறுத்திய பிறகும் அதில் சின்ன விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும்.

சின்மிங்_ரவி:

கலா, நான் சின் மிங் பக்கம் ஐரோப்பிய வண்டிகளில் நெடுநாள் வேலை பார்த்தவன். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது பேட்டரியைத்தான். 5,000 வெள்ளிக்குத் தலையாட்டிவிடாதீர்கள்.

இந்த வண்டிகளில் ஏகப்பட்ட சின்னச் சின்னக் கணினிகள் உண்டு. பிரேக்குக்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று, ரேடாருக்கு ஒன்று, பார்க்கிங் பிரேக்குக்கு ஒன்று. எல்லாம் ஒரே ஒயர் வலையில் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருக்கும். ஸ்டார்ட் செய்யும் அந்த நொடியில் ஸ்டார்ட்டர் மோட்டார் பேட்டரியிலிருந்து மின்சாரத்தை உறிஞ்சும், வோல்டேஜ் சட்டென்று இறங்கும். பேட்டரி நல்லதாக இருந்தால் தாங்கும். இளைத்த பேட்டரி என்றால் சில கணினிகள் அந்த நேரத்தில் விழுந்துவிடும். மற்றவை அதைத் தேடிப் பார்த்து "தொடர்பு இல்லை" என்று ஒரு பிழைக் குறியீட்டை, அதாவது கோடு (code) ஒன்றை, எழுதி வைக்கும். பட்டறைக்காரர் கணினியில் பார்த்தது பெரும்பாலும் அந்தக் கோடுகளாகத்தான் இருக்கும். கோடு பிரேக் மாட்யூலின் பெயரைச் சொல்கிறது என்பதால் மாட்யூல் செத்துவிட்டது என்று ஆகிவிடாது. ஓடியபின் எச்சரிக்கை தானாக மறைகிறது பாருங்கள், அதுவே பெரிய துப்பு. உண்மையிலேயே போன மாட்யூல் பெரும்பாலும் இப்படி அரை மணி நேரத்தில் குணமாகாது.

அந்தப் பட்டறையில் ஸ்கேன் அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். கோடு "யூ" எழுத்தில் தொடங்கினால் அது தொடர்பு சம்பந்தப்பட்டது. குறைந்த வோல்டேஜ் என்று எழுதிய கோடும் கூடவே இருந்தால் என் சந்தேகம் இன்னும் பலமாகிறது.

அடுத்து டேஷ்கேம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். முன்னும் பின்னும் கேமரா பார்க்கிங் மோடில் 0.3 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 7 ஆம்பியர்-மணிக்கு மேல் போகும். 70 ஆம்பியர்-மணி பேட்டரி, அதுவும் புதிதாக இருந்தால், ஐந்து நாளில் பாதி காலி. உங்களுடையது பழசு என்றால் இரண்டு நாளே போதும். எல்லாக் கணினிகளும் தூங்கிய பிறகு ஒரு வண்டி இழுக்க வேண்டியது சாதாரணமாக 0.05 ஆம்பியருக்குள்தான். நம் ஊரில் பள்ளிக்கூடம், எம்ஆர்டி நிலையம், ஈரச்சந்தை என்று குட்டிக் குட்டித் தூரம்தான் ஓட்டுகிறோம், ஏர்கானும் முழு வேகத்தில் ஓடுகிறது. இழந்த சார்ஜ் திரும்ப ஏறுவதற்கு நேரமே கிடைப்பதில்லை. வெப்பம் வேறு பேட்டரியின் ஆயுளைத் தின்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். டேஷ்கேமின் பார்க்கிங் மோடை அணையுங்கள். இரவு நிறுத்திய வண்டியில் மறுநாள் காலை, கதவைத் திறந்து விளக்குகளை எழுப்புவதற்கு முன்பே வோல்டேஜ் பார்க்க முடிந்தால் நல்லது. 12.6க்கு மேல் என்றால் பரவாயில்லை. 12.2, 12.1 என்று காட்டினால் பாதிக்கும் கீழே போய்விட்டது. ஆனால் வோல்டேஜ் மட்டும் போதாது, பேட்டரிக் கடையில் லோடு டெஸ்ட் (சுமை கொடுத்தால் பேட்டரி தாங்குகிறதா என்று பார்க்கும் சோதனை) செய்து காகிதத்தில் அடித்துத் தரச் சொல்லுங்கள். என்ஜின் ஓடும்போது ஏறத்தாழ 13.8 முதல் 14.8 வரை வர வேண்டும். வரவில்லை என்றால் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரையும் பார்க்க வேண்டும்.

மாற்றும் நிலை வந்தால் ஸ்டார்ட்-ஸ்டாப் வண்டிக்கென்றே உள்ள பேட்டரிதான் போட வேண்டும், உங்களுடையது போன்ற வண்டிகளுக்குப் பெரும்பாலும் ஏஜிஎம் என்ற வகை. விலை குறைவு என்று சாதாரண பேட்டரியை மாட்டி அனுப்பிவிடுவார்கள், கவனம். புது பேட்டரி போட்டதைக் கணினியில் பதிவும் செய்ய வேண்டும். நெகட்டிவ் முனையில் ஒரு சென்சார் உட்கார்ந்து பேட்டரியின் வயதைக் கணக்கு வைத்திருக்கும். பதிவு செய்யாவிட்டால் பழசு என்றே நினைத்து சார்ஜைத் தப்பாக நிர்வகிக்கும். இன்னொன்று, சில மாடல்களில் ஸ்டார்ட்-ஸ்டாப்புக்கென்றே இரண்டாவதாக ஒரு சின்ன பேட்டரி உண்டு. அது செத்தால் ஸ்டார்ட்-ஸ்டாப் வேலை செய்யாது. "வெயிலுக்கு அப்படித்தான்" என்ற பேச்சை நான் ஏற்கவில்லை.

ஓட்டலாமா என்று கேட்டீர்கள். மஞ்சள் மட்டும் என்றால், கால் வைத்து மிதிக்கும் பிரேக் வழக்கம்போல் பிடிக்கிறது என்றால், பட்டறை வரை ஓட்டிப் போகலாம். வண்டி தானாக பிரேக் போடும் என்று எதிர்பார்க்காமல் இடைவெளி விட்டு ஓட்டுங்கள். ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கும் சேர்ந்து எரிந்தால் மழையில் எடுக்காதீர்கள். சிவப்பில் பிரேக் எச்சரிக்கை வந்தால் ஓட்டவே வேண்டாம், டோ வண்டியைக் கூப்பிடுங்கள். ஏர்பேக் விளக்கு எரிந்தால் அதைத் தள்ளிப் போடாதீர்கள். மோதலில் ஏர்பேக் விரியாமல் போகலாம், பெல்ட்டை இழுத்து இறுக்கும் கருவியும் வேலை செய்யாமல் போகலாம்.

அங்மோகியோ_பாரி:

ரவி அண்ணன் சொன்னதெல்லாம் சரி. ஆனால் நான் வெளிப்படையாகச் சொல்கிறேன், இந்த வண்டியை விற்றுவிடுங்கள் அக்கா. எங்கள் வீட்டிலும் ஐரோப்பியக் கார் இருந்தது. இன்று ஒரு சென்சார், நாளை ஒரு பம்ப், அடுத்த வாரம் சாஃப்ட்வேர். வாரண்டி முடிந்தபின் பட்டறைக்குப் போகும்போதெல்லாம் வயிற்றைக் கலக்கும். இப்போது ஜப்பானியக் கார் ஓட்டுகிறோம், எண்ணெய் மாற்றுவதைத் தவிர வேலை இல்லை. பாதுகாப்பு என்ற பேச்சும் இன்று ஒரு பிராண்டுக்கு மட்டும் சொந்தமில்லை. 2001ல் யூரோ என்கேப் என்ற ஐரோப்பிய மோதல் பாதுகாப்புச் சோதனையில் முதன்முதலில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது ரெனோ லகூனா. சுபாரு 2008லேயே மோதலைத் தவிர்க்க உதவும் ஐசைட் கேமராவை ஜப்பானில் கொண்டு வந்துவிட்டது. பழம்பெருமைக்கு நாம் ஏன் கூடுதல் காசு கொடுக்க வேண்டும்?

கத்தோங்_ஜெயா:

பாரி தம்பி, செலவைப் பற்றி நீங்கள் சொன்னதை நான் மறுக்கவில்லை. பழம்பெருமை என்று ஒதுக்குவதைத்தான் ஏற்க முடியவில்லை. இன்று உங்கள் ஜப்பானியக் காரில் நீங்கள் மாட்டும் மூன்று முனை பெல்ட்டே அந்தப் பழம்பெருமைதான். வோல்வோவில் நில்ஸ் பூலின் என்ற பொறியாளர் 1959ல் அதைக் கொண்டு வந்தார். அதற்கு முன் அவர் சாப் நிறுவனத்தில் விமானிகளை வெளியே தள்ளும் இருக்கைகளை வடிவமைத்தவர். உடம்பு எவ்வளவு விசையைத் தாங்கும், எந்த எலும்பின் மேல் பட்டை விழ வேண்டும் என்பது அவருக்கு அங்கே கிடைத்த அறிவு. காப்புரிமையை வைத்துக் காசு பார்த்திருக்கலாம். வோல்வோ அதை எல்லா நிறுவனங்களும் பயன்படுத்தத் திறந்து விட்டது. 1967ல் 28,000 விபத்துகளை ஆராய்ந்து பெல்ட்டின் பலனைக் காட்டினார்கள். எனக்கு இது பெரிய விஷயம். பெருந்தன்மையால் உயிர் பிழைத்தவர்கள் எத்தனை பேர் என்று நினைத்தால் நெஞ்சு நிறைகிறது.

மெர்சிடிஸில் பேலா பாரெனி என்றொருவர். மோதும்போது காரின் முன்பகுதியும் பின்பகுதியும் நசுங்கிக் கொடுக்க வேண்டும், நடுவில் ஆட்கள் இருக்கும் கூண்டு மட்டும் உறுதியாக நிற்க வேண்டும் என்று 1951ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். கார் இரும்புபோல் கெட்டியாக இருந்தால்தான் பத்திரம் என்று உலகமே நம்பிய காலம் அது. 1978ல் எஸ்-கிளாஸில் ஏபிஎஸ் வந்தது. 1972ல் வோல்வோவின் பின்நோக்கிய குழந்தை இருக்கை, 1991ல் பக்கவாட்டு மோதல் பாதுகாப்பு, 1998ல் பின்னாலிருந்து இடிபட்டால் கழுத்தைக் காக்கும் இருக்கை.

கலாவுக்கு நான் சொல்ல வருவது, இவற்றில் பெரும்பாலானவை இரும்பிலும் துணியிலும் இருக்கின்றன. உங்கள் வண்டியின் கூண்டு, நசுங்கும் பகுதி, பெல்ட்டின் பட்டை, இருக்கையின் வடிவம், இவையெல்லாம் பேட்டரி இளைத்தாலும் அப்படியே இருக்கும். திரையில் ஓடும் மஞ்சள் எழுத்து, மோதலைத் தவிர்க்கும் மின்னணு உதவியைப் பற்றியது. 2008ல் வோல்வோ எக்ஸ்சி60ல் தானாக பிரேக் போடும் வசதி வந்தபோது அது மணிக்கு 30 கிலோமீட்டருக்குள்தான் வேலை செய்தது. இன்று அது பல மடங்கு வளர்ந்துவிட்டது, வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். ஆனால் அது ஓய்ந்திருக்கும் நாளிலும் சின்னவள் வெறும் தகரப் பெட்டியில் உட்கார்ந்திருக்கவில்லை. அவள் பூஸ்டரில் இடுப்புப் பட்டை வயிற்றின் மேல் ஏறாமல் இடுப்பெலும்பின் மேல், தொடையை ஒட்டித் தாழ்வாக விழுகிறதா என்று பாருங்கள்.

பாரி கோபப்படுவதில் எனக்கும் பங்கு உண்டு. இந்த நிறுவனங்கள் உடம்புக்குக் கொடுத்த அக்கறையை ஒயருக்கும் சென்சாருக்கும் கொடுத்தால் நாம் ஏன் புலம்பப் போகிறோம்?

உட்லண்ட்ஸ்_மாலா:

விற்பதைப் பற்றி இரண்டு வார்த்தை. உங்கள் கார் பதிவான காலத்து விதிப்படி ஆறு முதல் ஏழு வயதுக்குள் பதிவை ரத்து செய்தால் திரும்பக் கிடைக்கும் பார்ஃப் தொகை, காரைப் பதிவு செய்தபோது கட்டிய ஏஆர்எஃப் என்ற கூடுதல் பதிவுக் கட்டணத்தில் 65 விழுக்காடு. ஒவ்வோர் ஆண்டும் 5 குறைந்து கடைசி ஆண்டில் 50. மீதமுள்ள சிஓஇக்கும் (வாகன உரிமைச் சான்றிதழ்) கணக்குப் போட்டுத் திரும்ப வரும். அதையும் இன்றைய சிஓஇ விலையையும் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஒரு பேட்டரிக்காக வண்டியைக் கொடுப்பது நஷ்டம்.

வியாபாரி விஷயம்: குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் லெமன் சட்டம் 2012 செப்டம்பர் முதல் நடப்பில் இருக்கிறது, அது பழைய கார்களுக்கும் உண்டு. கைக்கு வந்து ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது வாங்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பொறுப்பு. முதலில் பழுது பார்க்கவோ மாற்றித் தரவோ கேட்க வேண்டும், நியாயமான நேரத்தில் அது நடக்காவிட்டால் விலைக் குறைப்போ பணமோ கேட்கலாம். ஆனால் வழக்கமான தேய்மானம் இதில் வராது, வயதான பேட்டரியை அப்படிச் சொல்லித் தட்டிக்கழிப்பார்கள். வாங்கிய நாள் முதலே ஸ்டார்ட்-ஸ்டாப் இல்லை என்பது வேறு, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் முடிவதற்குள் எழுத்தில் அனுப்பிவிடுங்கள், வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காதீர்கள். மசியவில்லை என்றால் பயனீட்டாளர் சங்கம், அதற்குப்பின் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். அங்கே 20,000 வெள்ளி வரை கோரலாம். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டாரிங் தளத்தில் வண்டிக்கு ரீகால் (குறையைச் சரிசெய்யத் தயாரிப்பாளர் திரும்ப அழைப்பது) ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பொங்கோல்_கலா:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. ரவி அண்ணே, நீங்கள் சொன்னபடியே செய்தோம். காலையில் 12.1 காட்டியது. லோடு டெஸ்டில் பேட்டரி தேறவில்லை, காகிதம் கையில் இருக்கிறது. ஸ்கேன் அறிக்கையிலும் பெரும்பாலானவை "யூ" கோடுகள்தான். ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது. ஏஜிஎம் போட்டு, பதிவும் செய்து, கோடுகளை அழித்துத் தந்தார்கள். டேஷ்கேம் பார்க்கிங் மோட் அணைத்தாகிவிட்டது. அதற்குப்பின் வார இறுதி முழுக்க நிறுத்தி வைத்து எடுத்துப் பார்த்தோம், ஒரு எச்சரிக்கையும் இல்லை. ஸ்டார்ட்-ஸ்டாப் மட்டும் இன்னும் வரவில்லை. இரண்டாவது சின்ன பேட்டரி எங்கள் மாடலில் உண்டாம், அதை மாற்றித் தரும்படி வியாபாரிக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். மாலா சொன்னதை அப்படியே எழுதினேன். விற்கும் யோசனையை இப்போதைக்கு ஒத்திப்போட்டிருக்கிறோம்.

சின்மிங்_ரவி:

நல்லது மா. டேஷ்கேம் பார்க்கிங் மோட் மறுபடி வேண்டும் என்றால், வோல்டேஜ் இறங்கியதும் தானே அணையும் அமைப்பை 12.4ல் வையுங்கள். பெரும்பாலான கேமராக்களில் அது உண்டு.

தெம்பனிஸ்_அருள்:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே தானியங்கி பிரேக் எச்சரிக்கை, ஆனால் எந்நேரமும் எரிகிறது, மறைவதே இல்லை. மலேசிய நெடுஞ்சாலையில் கல் அடித்து முன்கண்ணாடி மாற்றிய பிறகுதான் தொடங்கியது. பேட்டரி புதுசு. இதுவும் வோல்டேஜ் கோளாறா?

சின்மிங்_ரவி:

இல்லை தம்பி, இது வேறு. தானியங்கி பிரேக்குக்காக முன்னால் பார்க்கும் கேமரா முன்கண்ணாடியின் உச்சியில், உட்புறம் ஒட்டியிருக்கிறது. கண்ணாடி மாற்றினால் அதன் கோணம் இம்மியளவு மாறினாலும் தூரத்தில் பார்க்கும் இடம் தப்பிவிடும், அதனால் மறுபடி அளவமைக்க (கேலிபிரேஷன்) வேண்டும். கண்ணாடி மாற்றிய இடத்தில் கேலிபிரேஷன் செய்தார்களா என்று கேளுங்கள், செய்திருந்தால் அறிக்கை இருக்கும். கேமரா இருக்கும் மாடலுக்கு உரிய கண்ணாடியைத்தான் போட்டார்களா என்பதையும் பாருங்கள். காப்புறுதி மூலம் மாற்றியிருந்தால் கேலிபிரேஷன் செலவும் அதில் அடங்குமா என்று பாலிசியைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.