மாவுப்பூச்சிக்கு அடுப்படிச் சாமான் போதுமா?

மாடித்தோட்டம் கீழக்கரை:
செம்பருத்தி, கத்தரி, கொய்யா மூணுலயும் மாவுப்பூச்சி. குருத்துல பஞ்ச ஒட்டி வச்ச மாதிரி இருக்கு, நசுக்குனா விரல் பிசுபிசுங்குது. கடை மருந்து அடிக்க மனசு வரல, புள்ளைங்க பறிச்சு அப்படியே திங்கும். இஞ்சி பூண்டு பச்சமிளகா அரைச்சு வடிகட்டி ரெண்டு வாரம் அடிச்சேன், சோப்புத்தண்ணியும் அடிச்சேன், கொறையவே இல்ல. அடுப்படிச் சாமான வச்சு இத ஒழிக்க முடியுமா முடியாதா?

தென்னந்தோப்பு உச்சிப்புளி:
முடியாதுக்கா. அது மேல இருக்குறது மெழுகு, மிளகாத்தண்ணி வழுக்கி கீழ ஓடிரும். நம்ம ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023ல புவிசார் குறியீடே கெடைச்சுச்சு, ஆனா அந்தச் செடிலயே இலைப்பேன் வந்து இலை சுருண்டு போகுது. மிளகா பூச்சிய வெரட்டும்னா மொத அதோட செடிய காப்பாத்தணும்ல?

பெரியபட்டினம்:
காக்கா (அண்ணே), காரம் காய்ல தான் இருக்கு, இலைப்பேன் உறிஞ்சுறது இலைய. அரைச்சு தெளிக்கிறத வச்சு செடிய எடை போடாதீங்க. லாத்தா (அக்கா), சோப்ப எந்தத் தண்ணில கரைச்சீங்க? போர்த்தண்ணின்னா அங்கதான் தப்பு. ஒரு பாட்டில்ல அந்தத் தண்ணிய ஊத்தி சோப்ப சீவிப்போட்டு குலுக்குங்க, நுரை நிக்காம வெள்ளையா திரிதிரியா மெதந்துச்சுன்னா சோப்பு தண்ணியோட சுண்ணாம்புல மாட்டிக்கிச்சுன்னு அர்த்தம், பூச்சிக்கு ஒண்ணும் போய்ச்சேரல. காவேரித் தண்ணி இல்லாட்டி மழைத்தண்ணி ஒரு லிட்டர், வேப்பெண்ணெய் 5 மில்லி, கொஞ்சம் காதி சோப்பு, சாயங்காலமா இலைக்கு அடில நனையுற மாதிரி அடிங்க. மேல பட்டாத்தான் சாகும், காஞ்சிட்டா அவ்வளவுதான், அதனால வாரம் ஒருக்கா திரும்ப அடிக்கணும்.

மாடித்தோட்டம் கீழக்கரை:
போர்த்தண்ணி தான். சோப்பு நுரைக்கலன்னு அடுத்த தடவ பாத்திரம் கழுவுற லிக்விட ஊத்துனேன், நல்லா நுரைச்சுச்சு, ஆனா மறுநாள் வெயில்ல கத்தரி இலை ஓரமெல்லாம் கருகிப்போச்சு.

தென்னந்தோப்பு உச்சிப்புளி:
இதத்தான் சொல்ல வந்தேன். அந்த லிக்விட், சோப்பே கெடையாது, அது எண்ணெய்ப்பசைய வழிக்குறதுக்கு செஞ்சது, இலை மேல உள்ள மெழுகையும் சேத்து வழிச்சிரும். அடுப்படில இருக்குங்குறதுக்காக செடிக்கு நல்லதுன்னு ஆயிராது. எங்க பக்கத்து வீட்டுல எறும்புக்குன்னு தொட்டிய சுத்தி கல்லுப்பு கொட்டுனாங்க, பத்து நாள்ல முருங்கைக்கன்னு போச்சு. ஏற்கனவே உப்புக்காத்து, உப்புத்தண்ணி, இதுல நாமளும் கொட்டணுமா? வாலிநோக்கம் உப்பளத்துப் பாத்தில ஒரு புல்லு மொளைச்சு பாத்திருக்கீங்களா?

பெரியபட்டினம்:
உப்பு விஷயத்துல நானும் உங்க பக்கம் தான் காக்கா. ஆனா தென்னைல சுருள் வெள்ளை ஈ வந்தப்ப நீங்க மைதா கஞ்சி அடிக்கலையா? மஞ்சத்தாள்ல வெளக்கெண்ணெய் தடவி கட்டலையா? அதெல்லாம் எங்கருந்து வந்துச்சு?

தென்னந்தோப்பு உச்சிப்புளி:
அடிச்சேன், இல்லன்னு சொல்லல. லிட்டருக்கு 25 கிராம் மைதா, காய்ச்சி ஆறவச்சு அடிச்சா வெயில்ல காஞ்சு ஏடு ஏடா உரியும், கூடவே ஈ விடுற தேன்ல படர்ற கரும்பூசணமும் உரிஞ்சு விழும், அடில பச்ச ஓலை தெரியுறப்ப மனசு குளுந்துச்சு. ஆனா கஞ்சி ஈய கொல்லல தம்பி, அழுக்க எடுத்துச்சு. ஈய அடக்குனது என்கார்சியாங்குற ஒட்டுண்ணிக் குளவி, ஈயோட குஞ்சுக்குள்ள முட்டை வச்சு அதக் கொன்னுரும். 2010ல பப்பாளி மாவுப்பூச்சிக்கும் போர்ட்டோ ரிக்கோவுல இருந்து குளவி கொண்டாந்து விட்டுத்தான் அடக்குனாங்க. பூண்டோ வேப்பெண்ணெயோ, பாக்குறதெல்லாத்துக்கும் அடிச்சா அந்தக் குளவியும் தான போகும்?

பெரியபட்டினம்:
மாடில நாலு தொட்டி வச்சிருக்குறவங்க குளவி வர்ற வரைக்கும் காத்துக்கிட்டா இருக்க முடியும்? கத்தரி அதுக்குள்ள முடிஞ்சிரும். லாத்தா, தண்டுல எறும்பு ஏறுதா பாருங்க. மாவுப்பூச்சி விடுற தேனுக்காக எறும்பு அதுக்குக் காவல் காக்கும், மாவுப்பூச்சியத் திங்க கிட்ட வர்ற பொறிவண்ட கூட வெரட்டும். எறும்ப நிப்பாட்டாம எத அடிச்சாலும் திரும்ப வரும்.

மாடித்தோட்டம் கீழக்கரை:
இப்பத்தான் டார்ச் அடிச்சு பாத்தேன், கொய்யாத் தண்டுல கறுப்பு எறும்பு வரிசையா போகுது. தண்டுல துணியச் சுத்தி வெளக்கெண்ணெய் தடவிட்டேன். நாளைக்கு காவேரித் தண்ணி வரும், அதுல கலந்து பூச்சி இருக்குற குருத்துக்கு மட்டும் அடிக்கிறேன்.

தென்னந்தோப்பு உச்சிப்புளி:
அடிங்கக்கா, ஆனா அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு குச்சியால தொட்டுப் பாருங்க. பொறிவண்டுப் புழு சிலது மாவுப்பூச்சி மாதிரியே வெள்ளையா நூல் நூலா இருக்கும், தொட்டா வெரசா ஓடும். அது இருக்குற குருத்த விட்டுருங்க.