[கலைச்சொல்] எலெக்ட்ரிக் டூத்பிரஷ்: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர், சென்னை (திங்கள் இரவு)

அன்புள்ள குழுவினருக்கு,

வீட்டுக் கருவிகளின் வரலாற்றைச் சிறுவர்களுக்குச் சொல்லும் நூல் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். தையல் இயந்திரம், இஸ்திரிப்பெட்டி எல்லாம் தொல்லை தராமல் போய்விட்டன. தொடக்ககால எலெக்ட்ரிக் டூத்பிரஷ்ஷில் வண்டி நின்றுவிட்டது. எதிரெதிராக இரண்டு பக்கங்கள். இடப்பக்கம், 1954இல் சுவிட்சர்லாந்தில் ஃபிலிப்-கி வூக் உருவாக்கிய பிராக்ஸோடென்ட். சுவரில் செருகிய கம்பி கைப்பிடி வரைக்கும் வருகிறது. வலப்பக்கம், 1961இல் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கொண்டுவந்தது. கம்பி இல்லை, மின்னேற்றும் பேட்டரி உள்ளே, நிறுத்திவைக்க ஒரு பீடம்.

படத்திலிருந்து ஆறு அம்புக்குறிகள் கிளம்புகின்றன. ஒவ்வோர் அம்பின் நுனியிலும் ஒரு பெட்டி. பெட்டிக்குள் பத்து எழுத்துக்கு மேல் இடமில்லை என்று வடிவமைப்பாளர் சொல்லிவிட்டார். தலைப்புப் பெட்டியில் 'மின்சாரத்தால் இயங்கும் பல் துலக்கும் தூரிகை' என்று எழுதி அனுப்பினேன். சிரிக்கும் முகம் ஒன்று பதிலாக வந்தது. வெள்ளியன்று கோப்பு போக வேண்டும். கைகொடுங்கள்.

புலவர், திருவையாறு (செவ்வாய், காலை 5.10)

அம்மா, இதில் தேடுவதற்கு என்ன இருக்கிறது? துலங்கு தன்வினை, துலக்கு பிறவினை. விளங்கு, விளக்கு போல. துலங்குதல் ஒளிர்தல். மின் என்பதும் ஒளிர்வதே. இரண்டும் ஒரு சொல்லில் சேர்வது அழகுதான். பல் என்பதன் ஈறு மட்டும் கவனிக்க வேண்டும். கல்லும் தூணும் சேர்ந்தால் கற்றூண். பல்லும் துலக்கியும் சேர்ந்தால் பற்றுலக்கி. ஆகவே, மின்பற்றுலக்கி.

இன்னும் பழமை வேண்டுமானால் ஆசாரக்கோவைக்குப் போகலாம். காலையில் பல் துலக்குவதை அது 'கோல் தின்று' என்றே சொல்கிறது. கோல் என்றால் பல்குச்சி. மின்கோல் என்றால் இரண்டே அசை.

மின்பொறியாளர், கோவை (செவ்வாய், காலை 8.30)

புலவர் ஐயா, பிராக்ஸோடென்ட் நேராகச் சுவர் மின்சாரத்தில் ஓடியது. ஈரக் கையோடு அதைப் பிடித்தவரைப் பற்றி 'மின்கோல் தின்றான்' என்று எழுதினால் அடுத்த வரி இரங்கல் செய்தியாக இருக்கும். இது வேடிக்கைக்குச் சொன்னதல்ல. குளியலறையில் முழு மின்னழுத்தம் என்பது பிற்காலத்தில் பெரிய தலைவலியானது. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க, கனடியத் தரச்சான்று அமைப்புகள் அப்படிப்பட்ட குளியலறைக் கருவிகளுக்குச் சான்று தருவதையே விட்டுவிட்டன. மின்மாற்றி வைத்து 12, 16, 24 வோல்ட் என்று இறக்கிக்கொண்டுதான் வரவேண்டியதாயிற்று.

என் கவலை வேறு. 'துலக்கி' என்பது கையால் தேய்க்கும் சாதாரண பிரஷ்ஷுக்கும் பொருந்தும். புதிதாக வந்தது மின்சாரமா, அல்லது தானாக அசைவதா? ஜெனரல் எலெக்ட்ரிக் தன் கருவிக்கு வைத்த பெயரில் 'ஆட்டோமேட்டிக்' என்ற சொல்தான் இருந்தது. அதனால் தானியங்கிப் பல்துலக்கி.

மொழிபெயர்ப்பாளர் (செவ்வாய், காலை 9.05)

எண்ணினேன் ஐயா. பன்னிரண்டு எழுத்து. ஒற்றை விட்டாலும் பதினொன்று.

ஆசிரியை, யாழ்ப்பாணம் (செவ்வாய், மாலை)

வணக்கம். நீங்கள் இவ்வளவு மினக்கெடத் தேவையில்லை. நாங்கள் பற்தூரிகை என்ற சொல்லை நெடுங்காலமாகப் பாவிக்கிறோம். பற்பசை எப்படி எல்லோருக்கும் விளங்குகிறதோ அப்படியே இதுவும் என் வகுப்புப் பிள்ளைகளுக்கு விளங்குகிறது. முன்னால் ஒரு 'மின்' போட்டால் வேலை முடிந்தது.

புலவர் (செவ்வாய், இரவு)

தங்கையே, கோபிக்க வேண்டாம். றகர ஒற்றுக்குப் பின் தகரம் வருமா? க, ச, ப வரும். அதனால்தான் பற்பசை நிற்கிறது. தகரம் வந்தால் அதுவும் றகரமாகத் திரிந்தாக வேண்டும். பற்றூரிகை என்றுதான் எழுத வேண்டும். அதோடு தூரிகை வடமொழித் தூலிகையின் வழிவந்தது என்பது என் கட்சி. நமக்குத் துகிலிகை இருக்கிறது.

ஆசிரியை (செவ்வாய், இரவு)

ஐயா, பற்றூரிகை என்று கரும்பலகையில் எழுதினால் பிள்ளை 'பற்று, ஊரிகை' என்று பிரித்து வாசிக்கும். உங்கள் பற்றுலக்கி இன்னும் மோசம். அதில் உலக்கை கேட்கிறது. துகிலிகையால் சித்திரம் எழுதட்டும், பல்லை விட்டுவிடுங்கள்.

பல் மருத்துவர், மதுரை (புதன், காலை)

நோயாளிகள் குறைந்த நேரத்தில் எழுதுகிறேன், எழுத்துப் பிழை பொறுக்கவும்.

'பல்தேய்ப்பி' என்று யாராவது கொண்டுவருவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். தேய் என்பது தன்வினையாகவும் நிற்கும், பிறவினையாகவும் நிற்கும். தேய்த்தால் தேயும். ஈறோரத்தில் பள்ளம் விழ அழுத்தித் தேய்த்துக்கொண்டு வருகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். அந்தச் சொல்லுக்கு என் கையால் ஆசி தர முடியாது.

குழுவுக்குத் தனிமடலில் ஒருவர் 'பற்சுழலி' என்று எழுதியிருக்கிறார். அதுவும் இந்தப் பக்கத்துக்குப் பொருந்தாது. தொடக்ககாலக் கருவிகள் கை அசைவைப் பார்த்துப் போலச்செய்தவை. ஒரு வகை வில்போல் வளைந்து அசையும். இன்னொரு வகை முன்னும் பின்னும் போய்வரும். சுழலும் வகையாக வீட்டுக்கு முதலில் வந்தது 1987இல், இன்டர்பிளாக். 1961 படத்துக்குச் சுழலி என்று பெயர் வைத்தால் காலக்குழப்பம்.

முதன்மை பற்றியும் ஒரு சொல். 1954 என்பதை 'உலகின் முதல்' என்று மூலநூல் எழுதியிருந்தால் எச்சரிக்கை. டாம்லின்சன் மோஸ்லி என்பவரின் மோட்டோடென்ட்டுக்கு 1937 டிசம்பரிலேயே காப்புரிமை கோரப்பட்டிருக்கிறது. நிலைத்து விற்றது பிராக்ஸோடென்ட் என்பது சரி. அமெரிக்காவில் அதை விற்றது ஸ்குவிப் என்ற மருந்து நிறுவனம். இன்னொன்று: வூக் இதைச் சோம்பேறிகளுக்காகச் செய்யவில்லை. கை சரியாக இயங்காதவர்களையும் பல்லில் கம்பி கட்டியவர்களையும் மனத்தில் வைத்துச் செய்தார்.

புலவர் (புதன், காலை)

மோட்டோடென்ட், பிராக்ஸோடென்ட்! மருத்துவரே, அந்த 'டென்ட்' இலத்தீனில் பல். வடமொழித் தந்தம் அதன் உடன்பிறப்பு. தந்தம் உடையது தந்தி, அதாவது யானை. கம்பியைக் குறிக்கும் தந்தி வேறு வேர். ஆகக் கம்பியில்லாத் தந்தி என்பதைக் கட்டில்லாத யானை என்றும்...

மின்பொறியாளர் (புதன், முற்பகல்)

யானையை அங்கேயே நிறுத்துவோம் ஐயா. ஆனால் உங்களால் ஒரு நன்மை. வலப்பக்கக் கருவியைக் 'கம்பியில்லா' என்று சொல்ல முடியாது என்பது இப்போது உறைக்கிறது. கம்பியில்லா என்றாலே நமக்கு வானொலியும் தந்தியும்தான். 'வடமில்லா' என்றால் தேர் நினைவுக்கு வருகிறது. நான் சொல்வது: இடப்பக்கம் சுவர்மின் வகை, வலப்பக்கம் மின்கல வகை. இல்லாததைச் சொல்லி ஏன் பெயர் வைக்க வேண்டும்? இருப்பதைச் சொல்வோம்.

அந்த மின்கலக் கைப்பிடியின் பருமனையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இரண்டு கட்டை டார்ச் விளக்கைப் பிடிப்பது போல இருக்கும். உள்ளே நிக்கல்-காட்மியம் மின்கலங்கள். தண்ணீர் புகாமல் மூடி ஒட்டியிருப்பார்கள்; மின்கலம் செத்தால் கருவியையே எறிய வேண்டியதுதான்.

மொழிபெயர்ப்பாளர் (புதன், மாலை)

சுவர்மின், மின்கலம் இரண்டையும் எடுத்துக்கொண்டேன். நன்றி. ஆங்கில மூலம் இந்த மின்கலங்களுக்கு 'மெமரி எஃபெக்ட்' இருந்தது என்கிறது. 'நினைவு விளைவு' என்று போட்டேன். படித்துப் பார்த்தால் எனக்கே விளங்கவில்லை.

மின்பொறியாளர் (புதன், இரவு)

விளங்காது. நடந்தது இதுதான். காலையில் சில நிமிடம் ஓட்டுவார்கள், உடனே பீடத்தில் நிறுத்திவிடுவார்கள். மின்கலம் முழுதும் தீர்வதே இல்லை. கொஞ்சம் இறங்கும், மறுபடி ஏறும். இப்படியே பழகினால் அந்தக் கொஞ்சம்தான் தன் கொள்ளளவு என்பது போல நடந்துகொள்ளும், மீதியைத் தராது. இதைப் போய் நினைவு என்கிறார்கள். என்னைக் கேட்டால் இதற்குப் பெயர் மறதி.

ஆசிரியை (புதன், இரவு)

'மின்கல மறதி' என்பது நன்றாக இருக்கிறது. ஆனால் பெரிய வகுப்புக்குப் போகும்போது பிள்ளை வேறு நூலில் நினைவு விளைவு என்று பார்க்கும். இரண்டும் ஒன்றா என்று என்னிடம்தான் வந்து கேட்கும்.

வாசகர், காரைக்குடி (வியாழன், காலை)

நான் பெரும்பாலும் படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. மருத்துவர் ஐயா சொன்னது ஒன்று என்னை எழுத வைத்தது.

என் தகப்பனாருக்குப் பக்கவாதம் வந்து வலக்கை விரல்கள் மடங்கிப்போயின. மெல்லிய பிரஷ் அந்தக் கையில் நிற்கவில்லை. பல்லுக்குப் போவதற்குள் புரண்டு கன்னத்தில் பசை அப்பும். பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டி, கைப்பிடியில் ஏழெட்டுச் சுற்று இறுக்கிச் சுற்றி, நூலால் கட்டிக் கொடுத்தேன். மண்வெட்டிப் பிடி கனத்துக்கு வந்தது. அன்றைக்குத் தாமாகவே பல் விளக்கினார். முடித்துவிட்டு அதைக் கழுவி, டியூபுக்குள் தங்கிய தண்ணீரை உதறி உதறி எடுத்தார். டார்ச் விளக்கு போலப் பருத்தது என்று பொறியாளர் குறையாகச் சொல்கிறார். அப்படி ஒரு பிடிக்காக ஏங்கியவர்களும் இருந்திருப்பார்கள் என்று தோன்றியது.

எங்கள் பக்கம் பல் விளக்குவது என்றுதான் சொல்வோம். 'மின்பல்விளக்கி' ஆகுமா?

மொழிபெயர்ப்பாளர் (வியாழன், காலை)

ஐயா, உங்கள் மடலை இரண்டு முறை படித்தேன். கைப்பிடிப் பெட்டியில் 'பருத்த கைப்பிடி' என்றிருந்ததைக் 'கைப்பிடி' என்று மட்டும் மாற்றுகிறேன். விளக்கி எனக்கும் பிடிக்கும். ஆனால் இதே நூலில் முப்பதாம் பக்கத்தில் மின்விளக்கு இருக்கிறது. அச்சுக்கோப்பில் ஓர் உகரம் இகரம் மாறினால் பல்லில் பல்பு எரியும்.

கடைசிப் பெட்டி. பிரஷ் தலையில் நைலானுக்கு அம்புக்குறி போகிறது. 1938இல் டூபாண்ட் நைலான் வருவதற்கு முன் பன்றிமயிர் என்று பக்கத்திலேயே குறிப்பு. சிறுவர் நூலில் 'மயிர்' என்று எழுதத் தயக்கமாக இருக்கிறது. நைலானுக்கு 'இழை' போதுமா?

புலவர் (வியாழன், காலை, சற்று உரக்க)

மயிருக்கு என்ன குறை? திருவள்ளுவர் கவரிமாவைச் சொல்லும்போது கூசவில்லை. தெருவில் வசையாகிவிட்டது என்பதற்காக ஏட்டில் சொல்லைத் துறந்துவிடுவதா?

மின்பொறியாளர் (வியாழன், காலை)

கவரிமான் உவமை எனக்கும் தெரியும் ஐயா, ஆனால்...

புலவர் (வியாழன், காலை)

கவரிமான் அன்று. கவரிமா. மா என்றால் விலங்கு. மானை உள்ளே கொண்டுவந்து கட்டியது யார் என்று இக்குழுவில் பலமுறை எழுதிவிட்டேன். மறுபடியும் எழுதச் சித்தமாக இருக்கிறேன். முதலில்...

மட்டுறுத்துநர் (வியாழன், நண்பகல்)

முதலில் இந்த இழையை முடிப்போம். கவரிமாவுக்குத் தனி இழை திறக்கலாம். ஏற்கெனவே நான்கு இருக்கின்றன. பன்றிமயிர் குறிப்பில் அப்படியே இருக்கட்டும், பெட்டியில் நைலான் இழை.

தலைப்புக்குக் கேட்கிறேன்: மின்பல்துலக்கிக்கு யார் யார்? இயல்பாகவே எழுதலாமா என்று புலவர் ஐயா மட்டும் தீர்ப்புச் சொல்லட்டும்.

புலவர் (வியாழன், மாலை)

இரண்டாம் வேற்றுமைத் தொகையில் இயல்புக்கும் நன்னூல் இடம் கொடுக்கிறது. பல்துலக்கி குற்றமன்று. ஆனால் சிறப்பன்று. எதிர்ப்பைப் பதிவுசெய்கிறேன், தடுக்கவில்லை.

பல் மருத்துவர் (வியாழன், இரவு)

மின்பல்துலக்கிக்கு என் வாக்கு. நோயாளிகளிடம் நான் எலெக்ட்ரிக் பிரஷ் என்றுதான் சொல்லப்போகிறேன், அது வேறு.

மின்பொறியாளர் (வியாழன், இரவு)

தானியங்கி போனதில் வருத்தம்தான். சரி, என் வாக்கும் அதற்கே. பீடத்தை 'மின்னேற்றி' என்று போடுங்கள். தொட்டில் வேண்டாம். தொட்டிலில் குழந்தை படுக்கும். இது இரவெல்லாம் நின்றுகொண்டிருந்தது.

வாசகர், காரைக்குடி (வியாழன், இரவு)

பெரும்பான்மையோடு.

மொழிபெயர்ப்பாளர் (வெள்ளி, மாலை 6.45)

கோப்பு போய்விட்டது. தலைப்பில் மின்பல்துலக்கி. நினைவு விளைவுக்குச் சொல் வைக்காமல், கோவை ஐயா விளக்கியதையே மூன்று வரியில் எழுதிவிட்டேன். 'உலகின் முதல்' என்பதை எடுத்துவிட்டேன். மோட்டோடென்ட்டைச் சேர்க்க இடம் தரவில்லை. எல்லோருக்கும் நன்றி.

புலவர் (வெள்ளி, இரவு)

வாழ்த்துகள் அம்மா. மின்பற்றுலக்கி என்று எழுதியிருந்தால் பெட்டியில் இன்னும் தாராளமாக இடம் கிடைத்திருக்கும்.

மின்பொறியாளர் (வெள்ளி, இரவு)

எண்ணிவிட்டேன் ஐயா. இரண்டுக்கும் எட்டெழுத்துதான்.

ஆசிரியை, யாழ்ப்பாணம் (சனி, காலை)

மின்பற்தூரிகை ஏழு.