2008 சீசன்: சாம் பிராட்ஃபோர்டா, கோல்ட் மெக்காயா?

பிளேனோவாசி (கேள்வி):

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் 2008-இல் சிறந்த குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) ஓக்லஹோமாவின் பிராட்ஃபோர்டா, டெக்சஸின் மெக்காயா என்று எங்கள் வீட்டில் ஒவ்வோர் அக்டோபரிலும் இதே சண்டை. என் மச்சான் நார்மனில், ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். முடித்தவர். நான் டெக்சஸ் பல்கலைக்கழக வாசலைக்கூட மிதித்ததில்லை. டல்லாஸுக்கு வேலைக்கு வந்த இடத்தில், ஆபீசில் பாதிப் பேர் வெள்ளிக்கிழமையானால் ஆரஞ்சுச் சட்டையில் வருவதைப் பார்த்து ஒட்டிக்கொண்டவன். எப்படியோ ஒட்டியாயிற்று, இனி உரிக்க முடியாது.

மச்சான் பேசுவதெல்லாம் கணக்கு. பிராட்ஃபோர்டு 4,720 யார்டு வீசினார், 50 டச்டவுன் (எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டி எடுக்கும் புள்ளி), வெறும் 8 இன்டர்செப்ஷன் (எதிராளி பறித்த பாஸ்), மேலே சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை. "இதுக்கு மேல என்ன மாப்பிள்ளை வேணும்?" என்பார்.

எனக்கு ஒரே ஒரு நாள் போதும். 2008 அக்டோபர் 11, காட்டன் பவுல் மைதானம். டெக்சஸ் 45, ஓக்லஹோமா 35. முதலிடத்தில் இருந்த அணியை ஐந்தாம் இடத்து அணி சாய்த்தது. நான் அங்கே இருந்தேன், அதுவும் தப்பான பக்கத்தில். போனவர்களுக்குத் தெரியும், 50 யார்டு கோட்டோடு கூட்டத்தைக் கத்தியால் வெட்டி வைத்த மாதிரி இருக்கும். இந்தப் பாதி ஓக்லஹோமாவின் கருஞ்சிவப்பு, அந்தப் பாதி டெக்சஸின் ஆரஞ்சு. டிக்கெட் மச்சான் வழியாக வந்தது, அதனால் சிவப்புக் கடலின் நடுவில் சாம்பல் நிறச் சட்டை போட்டுக்கொண்டு வாயை மூடி உட்கார்ந்திருந்தேன்.

என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக்கின் கதை வேண்டாம். அதன் அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுத்த 2010 டிராஃப்டில் பிராட்ஃபோர்டு முதல் ஆள், மெக்காய் 85-ஆவது ஆள் என்பது எனக்கும் தெரியும். அந்தச் சீசனின் கல்லூரி ஆட்டம் மட்டும். நாளைக் காலை 11 மணிக்கு ஓர் ஆட்டம், ஒருவரைத்தான் எடுக்கலாம். யாரை எடுப்பீர்கள்?

நார்மன் பழைய மாணவன்:

உங்கள் மச்சான் சொல்வதுதான் சரி. அன்று தோற்றது ஓக்லஹோமா, பிராட்ஃபோர்டு இல்லை. 39 பாஸில் 28 சேர்ந்தது, 387 யார்டு, 5 டச்டவுன். அதற்கு மேலும் அவரே போய் எதிராளியை மடக்க வேண்டுமா? நாங்கள் 14-3 என்று முன்னே போனோம். உடனே டெக்சஸின் ஜோர்டன் ஷிப்லி, நாங்கள் உதைத்துக் கொடுத்த கிக்காஃபைப் பிடித்து 96 யார்டு ஓடிவிட்டார். அந்த நேரத்தில் குவார்ட்டர்பேக் ஓரத்தில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார். அப்புறம் எங்கள் தடுப்பின் நடுவில் நிற்கும் லைன்பேக்கர் ரையன் ரெனால்ட்ஸுக்கு முழங்கால் போயிற்று. அவர் வெளியேறியதும் எங்கள் டிஃபென்ஸின் நடுவில் லாரி போகிற அளவுக்கு வழி.

ஒன்றைக் கவனியுங்கள். அந்த வருடம் எங்கள் ஆட்கள் ஹடில் (அடுத்து என்ன என்று வட்டமாகக் கூடிப் பேசுவது) கூடவே மாட்டார்கள். ஒரு முறை பந்து ஆடி முடிந்து எதிரணி ஆள் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுவதற்குள் பதினொரு பேரும் வரிசையில் நிற்பார்கள். எல்லாத் தலையும் ஓரக்கோட்டுப் பக்கம் திரும்பும், சைகை வரும், பந்து போய்விடும். அந்த வேகத்தில் யாருக்குக் கொடுப்பது என்று இரண்டு நொடியில் முடிவெடுத்தவர் பிராட்ஃபோர்டு. சீசனில் அணிக்கு மொத்தம் 716 புள்ளி. சீசன் கடைசியில் வரும் பௌல் ஆட்டத்துக்கு முந்தைய ஐந்து ஆட்டத்திலும் வரிசையாக 60-க்கு மேல். டெக்சஸை வீழ்த்திய டெக்சஸ் டெக்கை 65-21 என்று துவைத்துக் காயப்போட்டோம்.

"ஓடத் தெரியாதவர்" என்று யாராவது சொல்வதற்கு முன் ஸ்டில்வாட்டரில் ஓக்லஹோமா ஸ்டேட்டோடு ஆடிய ஆட்டத்தைப் பாருங்கள். கோல் கோட்டை நோக்கிப் பாய்ந்தவரை இருவர் அடிக்க, ஆள் அந்தரத்தில் பம்பரமாய்ச் சுற்றி விழுந்தார். இடது கையில் தசைநார் கிழிந்தது. அந்தக் கையில் கட்டோடு வந்துதான் அடுத்த வாரம் மிசூரியை 62-21 என்று ஜெயித்துக் கொடுத்தார்.

கெயின்ஸ்வில் மாமா:

எங்கள் புளோரிடாவின் குவார்ட்டர்பேக் டிம் டிபோ என்று ஒரு பையன் இருந்தானே, மறந்துவிட்டீர்களா? ஹைஸ்மனில் முதலிட வாக்கு அவனுக்குத்தான் அதிகம்: 309. பிராட்ஃபோர்டுக்கு 300, மெக்காய்க்கு 266. மொத்தப் புள்ளியில் மூன்றாவதாகத் தள்ளிவிட்டார்கள். ஜனவரியில் தேசிய இறுதி ஆட்டத்தில் புளோரிடா 24, ஓக்லஹோமா 14. 716 புள்ளி எடுத்த அணி அன்று எங்கே போயிற்று?

பிளேனோவாசி:

மாமா, பாடத்திட்டத்தில் இல்லாத கேள்வி. ஆனாலும் அந்த 24-14-ஐ மச்சானுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன், நன்றி.

ஆஸ்டின்காரி:

அண்ணா, உங்கள் மச்சானிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அந்த வருடம் டெக்சஸ் அணியில் அதிக யார்டு ஓடியது யார்? பந்தோடு ஓடுவதற்கென்றே இருக்கும் ரன்னிங்பேக் யாரும் இல்லை, மெக்காய்தான். 561 யார்டு, 11 டச்டவுன். ஓக்லஹோமாவில் டிமார்கோ மரே, கிறிஸ் பிரவுன் என்று 1,000 யார்டு தாண்டியவர்கள் இரண்டு பேர். முன்னால் ஃபில் லோடோல்ட், டியூக் ராபின்சன், டிரென்ட் வில்லியம்ஸ் என்று எதிராளியைத் தடுக்கக் கோட்டைச் சுவர் மாதிரி லைன். பிராட்ஃபோர்டு வீட்டு வாசல் திண்ணையில் உட்கார்ந்து வீசுகிற மாதிரி வீசினார். மோசமான வீச்சு என்று சொல்லவில்லை, அவ்வளவு அழகான கை நான் பார்த்ததில்லை. ஆனால் சட்டை கசங்காமல் வீசிய கை.

மெக்காய்க்கு அந்தச் சொகுசு இல்லை. வலப்பக்கம் ஓடுவார், ஆள் துரத்துவான், கடைசி நொடியில் ஷிப்லி எங்கே என்று தேடாமலே வீசுவார். தேடத் தேவையில்லை, இருவரும் ஒரே அறையில் குடியிருந்தவர்கள். அவர்கள் அப்பாக்களும் கல்லூரியில் ஒரே அறையில் இருந்தவர்கள்தான்! வீசியதில் 76.7 சதவீதம் சேர்ந்தது, அன்றைக்கு அது தேசிய சாதனை. குட்டி குட்டி பாஸ் என்று கேலி செய்வார்கள். அந்தக் குட்டி பாஸ்தான் பிராட்ஃபோர்டை ஓரத்தில் உட்கார வைத்தது. காட்டன் பவுலில் 35-க்கு 28, இன்டர்செப்ஷன் பூஜ்யம். நார்மன்காரர் தன் ஆளின் 5 டச்டவுனைச் சொன்னார், 2 இன்டர்செப்ஷனை விட்டுவிட்டார்.

அப்புறம் அந்த வருடம் நடந்த அநியாயம் தனி. டெக்சஸ் ஓக்லஹோமாவை வென்றது, ஓக்லஹோமா டெக்கை வென்றது, டெக் டெக்சஸை வென்றது. மூன்றும் 11 வெற்றி, 1 தோல்வி. கணினியும் வாக்கும் கலந்த தரவரிசையில் நூலிழை முன்னே இருந்ததால் எங்கள் பிக் 12 கூட்டமைப்பின் இறுதி ஆட்டத்துக்கு ஓக்லஹோமா போயிற்று. நேருக்கு நேர் 10 புள்ளியில் ஜெயித்தவர்கள் வீட்டில் உட்கார்ந்து டிவி பார்த்தார்கள்.

பிளேனோவாசி:

அக்காவோ தங்கையோ, புண்ணியமாகப் போகும். ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன், இதை மச்சானிடம் நேரில் சொல்லமாட்டேன்.

அன்று பிராட்ஃபோர்டு வீசியபோது என் பக்கத்தில் ஒரு சத்தம் வரும். பந்து கையை விட்டதும் கூட்டம் மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம். பந்து இறங்கும் இடத்தில் ஆள் வந்து நிற்பார், நடுவில் ஓர் அடி வீண் கிடையாது. பக்கத்தில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா, கையில் கார்ன் டாக், மூக்கில் கடுகுச் சாஸ். ஒவ்வொரு டச்டவுனுக்கும் என் தோளில் ஓங்கி அறைந்தார். ஐந்து முறை வாங்கினேன். மூன்றாம் குவார்ட்டரில் ஓக்லஹோமா 35-30 என்று முன்னே, எனக்கே ஆசை விட்டுப்போயிற்று.

அதற்குப் பிறகு வந்த 15 புள்ளியும் டெக்சஸுடையது. மெக்காய் ஒன்றும் மாயம் செய்யவில்லை. எட்டு யார்டு வேண்டுமென்றால் ஒன்பது எடுத்தார், அவ்வளவுதான். சந்தையில் பேரம் பேசுகிற ஆள் மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக. கிறிஸ் ஓக்பனாயா 62 யார்டு ஓடியபோது அந்த அம்மா எழுந்து பையைத் தோளில் மாட்டினார். போகும்போது என் சட்டையை ஒருமுறை பார்த்து, "நீ அந்தப் பக்கத்து ஆள்தானே? அறையும்போதே தெரிந்தது" என்றார்.

எனவே ஓர் ஆட்டம் என்றால் மெக்காய். அடுத்த வருடம் இருவருமே வலது தோளில் அடிபட்டதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதே மைதானத்தில் 2009 அக்டோபர் 17 அன்று முதல் குவார்ட்டரிலேயே பிராட்ஃபோர்டு வெளியே போனார். ஜனவரியில் பாசடீனாவில், அலபாமாவுக்கு எதிரான தேசிய இறுதி ஆட்டம் தொடங்கிய சூட்டோடு மெக்காய். அன்று நான் டிவியை அணைத்துவிட்டுப் பாத்திரம் துலக்கப் போனேன்.

பிளேனோவாசியின் மச்சான்:

மாப்பிள்ளை, தங்கச்சி சொல்லித்தான் இந்தப் பக்கம் வந்தேன். எல்லாம் படித்தேன். 24-14-ஐயும் பார்த்தேன். ஒன்பது யார்டு வியாபாரி கதையெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. அந்த 2008 டிக்கெட் காசு மட்டும் இன்னும் வரவில்லை.