மறு: மறு: கிளினிக் கட்டட நிதி

சங்கத்து உறவுகள் எல்லாருக்கும் வணக்கம்.

பொங்கலுக்கு பர்மாவில், ரங்கூனுக்கு எதிர்க்கரை டாலா பக்கம் இருக்கிற நம் ஊருக்குப் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வந்தேன். அங்கே கிளினிக் கட்டச் சங்கம் கேட்கிற கட்டட நிதிக்கு நான் பணம் அனுப்பப்போவதில்லை. கோபப்படுகிறவர்கள் முழுசாகப் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

நான் போய் இறங்கிய அன்று சித்தி சர்க்கரை மாத்திரையைப் பாக்குவெட்டியால் நறுக்கிக்கொண்டிருந்தார். "மாசக் கடைசி வரைக்கும் ஓடணும்ல" என்றார். முட்டி வலிக்குத் துவாண்டே ரோட்டு மருந்துக்கடையில் கலந்து கட்டிக் கொடுத்த பொட்டலம் வேறு. சின்ன பிளாஸ்டிக் பையில் ஐந்து நிறத்தில் மாத்திரை, எதற்கும் பெயர் கிடையாது. ரங்கூனில் டாக்டரிடம் காட்டினேன். அதில் ஒன்று ஸ்டீராய்டு. வலி சட்டென்று அடங்கும், சர்க்கரை ஏறும் என்றார். சித்தி இரண்டு வருஷமாக அதைத் தின்கிறார்.

பால்காரர் வீட்டுப் பையனுக்கு டிபி. மருந்து இலவசம்தான், ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். இருமல் நின்றதும் இரண்டாம் மாதமே விட்டுவிட்டான். மாத்திரை வாங்க அக்கரை போனால் ஒரு நாள் கூலி போச்சு. பாதியில் விட்டால் கிருமி அந்த மருந்துக்கே மசியாமல் போய்விடும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

2021இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு எத்தனை அரசாங்க டாக்டர்கள் வேலையை விட்டு வெளியேறினார்கள் என்று நமக்குத் தெரியாதா? நாம் கட்டிவைக்கிற அறையில் யார் வந்து உட்காரப்போகிறார்கள்?

கட்டடம் வேண்டாம், ஒரு ஆள் போதும். நர்ஸாக இருந்த ரைஸ்மில் வீட்டு மருமகள் சம்மதித்துவிட்டாள். யாருக்கு என்ன மருந்து, எந்தத் தேதியில் தீரும் என்று ஒரு நோட்டு. வாரம் ஒருநாள் டாலாவில் படகேறி, பன்சோடான் துறையில் இறங்கி, டாக்டர் இருக்கிற இடமாகப் பார்த்துக் கூட்டிப்போவாள். பர்மியச் சீட்டைப் படித்துச் சொல்வாள், பிங்க் கார்டு என்கிற குடியுரிமை அட்டை இல்லாதவர்களுக்காகக் கூட நின்று பேசுவாள். கரண்ட் இல்லாத வீட்டில் இன்சுலின் குப்பியை ஈர மணல் பானைக்குள் வைக்கச் சொல்லிக்கொடுத்து, திறந்து நாலு வாரமானால் மாற்றச் சொல்வாள்.

பினாங்கு அண்ணன் 2008 நர்கீஸ் புயல் வசூல் கணக்கை நாலாவது தடவையாகக் கேட்டிருக்கிறார். கேட்பது நியாயம்தான், செயலாளர் பதில் சொல்லட்டும். அதற்காக சித்தி மாத்திரையை நறுக்கிக்கொண்டே இருக்க முடியாது. இந்த நோட்டின் பக்கங்களை மாதாமாதம் போட்டோ எடுத்து இங்கே போடுகிறேன். ஏழைகள் பட்டியல் போட்டு ஊர் மானத்தை வாங்காதே என்று மோல்மேன் பெரியப்பா எழுதியது எனக்கும் உறைத்தது. பெயரே வராது பெரியப்பா, நம்பர் மட்டும்தான்.

அப்பா மயங்கி விழுந்த ராத்திரி விடியும்வரை துறையில் சாக்கு விரித்துப் படுக்கவைத்திருந்தோம். அன்று மோட்டார் படகு யார் வீட்டு வாசலில் கட்டிக் கிடந்தது என்று இதைப் படிக்கிறவர்களுக்கும் தெரியும். நான் அதைக் கிளறவில்லை. அந்த வீட்டுப் பாட்டிக்கும் இப்போது கண் தெரியவில்லை. நோட்டில் அவர் 7ஆம் நம்பர்.

உங்களிடம் ஒரு வீட்டுக்கு மாதம் 20 சிங்கப்பூர் வெள்ளி கேட்கிறேன். வெள்ளிக்கிழமை ஆறு பேர் அக்கரை போகிறார்கள். படகுக்கும் சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாவுக்கும் நான் பணம் அனுப்பிவிட்டேன். அடுத்த வாரத்தை யார் எடுத்துக்கொள்கிறீர்கள்?

கிணற்றடி வீட்டு இரண்டாவது மகள்,
சிங்கப்பூர்