சீகை மண்டிய சரிவில் சோலை நாற்றுகளை நடுவது எப்படி?

மன்னவனூர் வாசி:
வணக்கம். எங்கள் பட்டா நிலத்தின் மேற்சரிவு முழுவதும் சீகை (வாட்டில் எனும் அயல்நாட்டு மரம்) மண்டிக் கிடக்கிறது. அதை அடியோடு வெட்டிவிட்டு, இம்மலைக்கே உரிய சோலைக்காட்டு மர நாற்றுகளை நட எண்ணுகிறேன். எந்த மாதம் ஏற்றது? ஓடையோரப் பள்ளத்திலும் திறந்த மேட்டிலும் ஒரே மாதிரி நடலாமா?

கொடைக்கானல் நாற்றங்கால்:
அடியோடு வெட்ட வேண்டாம். சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மரத்தை அகற்றி வெயில் பட்டாலோ, தீ பரவினாலோ கீரைப்பாத்தி போல அடர்ந்து முளைத்துவிடும். அதன் நிழலிலேயே நாவல் இனங்களும் காட்டுச் செண்பகமும் தாமாக முளைத்திருக்கின்றனவா என்று முதலில் குனிந்து பாருங்கள். இருந்தால், அவற்றை நெருக்கும் சீகைகளை மட்டும் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் கழிக்கலாம். இல்லாத இடங்களில் ஜூன், ஜூலையில் நட்டால், டிசம்பர் உறைபனிக்குள் வேர் பிடித்துவிடும். சோலை விதைகளில் பல, காய்ந்தால் முளைக்கா. ஆகவே பழம் விழுந்த உடனே சதையைக் கழுவி, நிழலில் பையில் ஊன்ற வேண்டும்.

உதகை வாசகர்:
மேட்டைப் பொறுத்தவரை என் கருத்து வேறு: அங்கே மரமே நடாதீர்கள். பள்ளத்தில் சோலையும் மேட்டில் புல்லுமாக இருப்பதே இம்மலைகளின் இயல்பு. 2018இல் பூத்த குறிஞ்சிக்கும் அந்தப் புல்வெளிதான் வீடு. திறந்த வெளியில் உறைபனி இளங்குருத்தைக் கருக்கிவிடும் என்பது தனிக் கதை. மேட்டில் சீகைக் கன்றுகளை வேரோடு பிடுங்கினால் போதும், புல் பெரும்பாலும் தானே பரவும்.

கொடைக்கானல் நாற்றங்கால்:
அதை ஏற்கிறேன். மலைப்பகுதி மரங்களுக்கென 1955ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பதால், பட்டா நிலமானாலும் வெட்டுவதற்கு முன் வனத்துறையில் விசாரித்துக்கொள்ளுங்கள். காட்டுமாடு இறங்கும் இடமென்றால் நாற்றுகளுக்கு வேலியும் தேவைப்படும்.